பன்னிரண்டாவது இடம்

பொன்னேரி
9 ஜூலை 1973

ஐயா,

வணக்கம். நான் யாரென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் யாரென்று எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வாரமாக உங்கள் புரோகிராம் கார்டுகளோடுதான் குடித்தனம் நடத்துகிறேன்.

என் பெயர் ரத்னா. கும்மிடிப்பூண்டியில் நீங்கள் முன்பு வேலை பார்த்த அதே உருக்காலையில், கம்ப்யூட்டர் பிரிவில் புரோகிராம் எழுதுகிறேன். உங்கள் பம்பாய் முகவரியை டைம் ஆபீஸ் கோபாலிடம் வாங்கினேன். ஆபீஸில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எனக்குக் கோபம் தமிழில்தான் வருகிறது. அதனால் வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

கிரேனில் சுமை தூக்கும் கம்பிக்கயிறுகளில் எது பழசாகிவிட்டது, எதைக் கழித்துப்போட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் லிஸ்ட் அடித்துக் கொடுக்கிற புரோகிராம் உங்களுடையது. முதல் கார்டிலேயே 'ராஜமாணிக்கம், 1968' என்று இருக்கிறது. ஒரு கயிற்றை ஒன்பது மாதம் ஓட்டலாம் என்பது பழைய விதி. இனிமேல் ஆறு மாதம்தான் என்று ஆலை சூப்பரின்டெண்டென்ட் செங்கல்வராயன் உத்தரவு போட்டுவிட்டார். எங்கள் மேனேஜர் ஆதிகேசவன் என்னைக் கூப்பிட்டு, "ஒம்போத ஆறாக்கணும், அவ்ளோதாம்மா. மத்யானத்துக்குள்ள முடிச்சிடு" என்றார்.

அந்த மத்தியானம் இன்னும் முடியவில்லை, ஐயா.

ஒன்பது என்பது ஒரே இடத்தில் இருக்கும் என்று நம்பித்தான் வரிக்கு ஒரு கார்டாகத் துளைத்து அடுக்கியிருக்கும் கார்டுப் பெட்டியைத் திறந்தேன். முதல் ஷெட்டுக்கு ஒரு தடவை இருந்தது. இரண்டாம் ஷெட்டுக்கு அதே கார்டுகள் மறுபடியும். மூன்றாம் ஷெட்டுக்கு மறுபடியும். பதினோரு ஷெட்டுக்கும் பதினோரு தடவை அதே விதி, அதே வரிகள்! கார்டு துளைக்கும் கோவிந்தம்மா என்னைப் பார்த்து, "இன்னாக்கா, ஒரே கார்டையே பதினோரு வாட்டி குத்தச் சொல்றீங்க, உங்களுக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்கிறாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பதினொன்றும் அச்சாக ஒன்றுபோல இருந்திருந்தாலாவது பரவாயில்லை. அதுவும் இல்லை. நாலாம் ஷெட்டில் கயிறு வாங்கின நாளிலிருந்து மாதம் எண்ணுகிறது. எட்டாம் ஷெட்டில் கொக்கியில் முதன்முதலாக மாட்டின நாளிலிருந்து. ஒன்பதாம் ஷெட்டில் வேறு ஷெட்டிலிருந்து கயிறு வந்தால் அன்றைக்குத்தான் அது பிறந்ததாக எழுதிக்கொள்கிறது. ஒரு விதிக்கு எப்படி ஐயா மூன்று பிறந்தநாள் இருக்க முடியும்?

இன்னொன்று. ஏழாம் ஷெட்டுக்கான கார்டுகள் நடுவில் திடீரென்று மூன்றாம் ஷெட்டுக் கார்டுகளின் வயிற்றுக்குள் குதிக்கின்றன. அங்கே கே4 என்று ஒன்று இருக்கிறது. அது 39-ஐத் தாண்டினதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகின்றன. கே4 என்றால் என்ன? 39 என்றால் என்ன? ஒரு குறிப்பில்லை, ஒரு படமில்லை.

விதியை ஒரே இடத்தில் எழுதிவிட்டு, எல்லா ஷெட்டும் அங்கே வந்து கேட்டுக்கொண்டு போகும்படி செய்ய உங்களுக்குத் தெரியாதா, மனமில்லையா? பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ரத்னா


செம்பூர், பம்பாய்
21 ஜூலை 1973

அம்மையீர்,

தங்கள் கடிதத்தை என் மனைவி முத்தம்மாள்தான் முதலில் பிரித்தாள். முழுக்கப் படித்துவிட்டு, "யாருங்க இது, உங்கள இந்தத் திட்டு திட்டுது? டப்பு கிப்பு வாங்கிட்டு ஓடி வந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவளுக்குப் புரியவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது தங்களுக்குப் புரியவைக்கிறேன். தாங்கள் உட்கார்ந்திருக்கும் குளுகுளு அறை 1968-ல் கிடையாது. ஆலைக்குக் கம்ப்யூட்டரே கிடையாது. கார்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாசஞ்சர் வண்டியில் சென்னைக்குப் போவேன். அங்கே ஒரு கம்பெனியில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் மெஷினை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு கார்டு சிக்கிக்கொண்டால் அந்த வாரமே போச்சு. பொன்னேரி ஸ்டேஷனில் ஒருமுறை கூட்டத்தில் பெட்டி சாய்ந்து நானூறு கார்டு பிளாட்பாரத்தில் கொட்டியது. மழை வேறு. அதைப் பொறுக்கினவன் நான்.

ஐந்து வாரம் கொடுத்தார்கள். கேட்டது மூன்று ஷெட்டுக்கு. ஒரு ஷெட்டுக்கு எழுதி, ஓடினதும், அந்தக் கார்டுக் கட்டையே இன்னும் இரண்டு படி எடுத்து ஷெட் எண்ணை மட்டும் மாற்றினேன். அதுதான் வேகமான வழி. தாங்கள் சொல்கிற நேர்த்தியான வழி எனக்கும் தெரியும். அதைச் செய்ய எட்டு வாரம் கேட்டேன். அன்றைய மேனேஜர், "ஓடுதா இல்லியா? ஓடுச்சுன்னா எதுக்குய்யா அழகு பாக்கறே?" என்றார்.

நான் எழுதினது மூன்று ஷெட். மிச்சம் எட்டும் எனக்குப் பின்னால் வந்தவர்கள் என் கார்டுக் கட்டைப் பார்த்துப் பார்த்துப் படி எடுத்தவை. அவர்கள் தங்கள் பெயரைப் போடவில்லை, நான் போட்டேன். இருபத்துநாலு வயசில் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காக எட்டு ஷெட்டின் பாவத்தையும் என் தலையில் இறக்குகிறீர்கள்.

ஏழாம் ஷெட் விஷயம் எனக்கு நினைவில்லை. யாரோ பின்னால் வந்தவர் செருகியிருப்பார். சுமையின் எடை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். அதைத் தொடாமல் விடுவது நல்லது.

இப்படிக்கு,
ரா. ராஜமாணிக்கம்


பொன்னேரி
6 ஆகஸ்ட் 1973

ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

வணக்கம். எட்டு ஷெட்டுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். மூன்று ஷெட்டுக்காகக் கேட்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபின் ஆதிகேசவன் சாரிடம் போய் மூன்று வாரம் கேட்டேன். விதியை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறேன், இனிமேல் எது மாறினாலும் ஒரு கார்டு மாற்றினால் போதும் என்றேன்.

"ஓடிக்கினு இருக்கறத ஒடைச்சிட்டு மறுபடி ஒட்டறேன்றே. சரி, ஒட்டின பிறகு லிஸ்டுல புதுசா இன்னா வரும்?"

"புதுசா ஒண்ணும் வராது சார். வரவேண்டியது சரியா வரும்."

"இப்ப தப்பா வருதா?"

"தப்பா வருதான்னே தெரியல சார். அதான் பேஜாரே. பதினோரு எடத்துல இருக்குது, யாராலயும் முழுசா படிச்சுப் பாக்க முடியல."

"அப்போ தப்புன்னு உனக்கே தெரியாத ஒண்ணுக்கு மூணு வாரம். போம்மா, போயி அந்த ஒம்போத ஆறாக்கு."

இதைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பெண் கேட்டதால் மறுத்தாரா, யார் கேட்டிருந்தாலும் மறுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் மறுத்திருக்கிறார்கள் என்பது மட்டும் கொஞ்சம் ஆறுதல். வெட்கங்கெட்ட ஆறுதல்.

சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு பதினோரு இடத்தையும் கையால் தேடி மாற்றினேன். மாற்றின ஒவ்வொரு இடத்துக்கும் தாளில் வட்டம் போட்டு என் கையெழுத்தையும் வைத்தேன். பிறந்தநாள் குழப்பத்தைத் தொட அனுமதி இல்லை. உங்கள் 39-ஐயும் தொடவில்லை. எடை சம்பந்தப்பட்டது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். நம்பினேன்.

மூன்று வாரம் கேட்டதையும் மறுத்ததையும் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொண்டிருக்கிறேன். அதை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

இப்படிக்கு,
ரத்னா


பொன்னேரி
18 பிப்ரவரி 1974

ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

போன திங்கட்கிழமை காலை, பதினோராம் தேதி, ஏழாம் ஷெட்டில் உலை வாசலில் கம்பிக்கயிறு அறுந்தது. நாலு டன் இரும்புப் பாளம் தரையில் விழுந்து உருண்டது. கொக்கியில் சுமை கட்டுகிற கலாசி நாகமுத்துவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

நாகமுத்துவை உங்களுக்குத் தெரிந்திருக்காது. பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர். உருக்காலையில் மாதச் சம்பளம், படகு கவிழாது என்று நாலு வருஷம் முன்பு வந்து சேர்ந்தார்.

அவர்மேல் குற்றப்பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள். கழித்துப்போட வேண்டிய கயிற்றைக் கவனமில்லாமல் எடுத்து மாட்டினாராம். அறுந்த கயிற்றின் பித்தளை வில்லையில் 118 என்று எண் இருக்கிறது. அது மாட்டி முப்பத்துமூன்று வாரம் ஆகிறது. ஆறு மாத விதிப்படி எப்போதோ கழிந்திருக்க வேண்டும். எனவே தப்பு கலாசியுடையது. இவ்வளவுதான் அவர்கள் வாதம்.

புதன்கிழமை அவருடைய மனைவி அஞ்சம்மாள் ஆலை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எம்மா, லிஸ்டு போடற அம்மா நீதானே? ஊட்டுக்காரரு கண்ணு முழிச்சதும் அதையேதாம்மா சொல்லிக்கினு கீறாரு. வாசல்ல தொங்கற லிஸ்ட பாத்தாராம். நூத்தி பதினெட்டு அதுல இல்லியாம். இல்லாததாலதான் மாட்டுனாராம். இல்லன்னா மாட்டுவாரா? அவரு காலு அவருக்கு வாணாமா?" என்றாள்.

நான் உள்ளே ஓடி, அந்த வார லிஸ்டின் நகலைத் தேடினேன். 118 இல்லை. உண்மையாகவே இல்லை.

இரண்டு நாள் அந்த ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கார்டு கார்டாக விரல் வைத்துப் போனேன். ஏழாம் ஷெட். உலை வாசல் கயிறா? ஆமாம். உடனே குதித்து மூன்றாம் ஷெட்டின் வயிற்றுக்குள். கே4 முப்பத்தொன்பதைத் தாண்டிற்றா? தாண்டவில்லை. ஓட்டலாம்.

கே4 எடை இல்லை, ஐயா. கே4 வாரம். முப்பத்தொன்பது வாரம் என்றால் ஒன்பது மாதம். அதே விதிதான், வேறு வேஷத்தில். பதினோரு இடம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேனே, பன்னிரண்டாவது இடம் ஒன்று இருந்திருக்கிறது. ஒன்பது என்று தேடினேன், அது முப்பத்தொன்பது என்று உட்கார்ந்திருந்தது.

என் தப்பை நான் மறைக்கப்போவதில்லை. புரியாத ஒன்றைப் புரியாமலே விட்டேன். ஆனால் அந்த எண்ணைப் பற்றி உங்களைக் கேட்டேன். பெயர் சொல்லிக் கேட்டேன். யார் எழுதினது அது? உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இந்தத் தடவை யோசித்துப் பதில் எழுதுங்கள்.

ரத்னா


செம்பூர், பம்பாய்
27 பிப்ரவரி 1974

ரத்னா அவர்களுக்கு,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

அது என் கார்டு. நான்தான் எழுதினேன். 1969 டிசம்பரில், இங்கே வேலை கிடைத்து, ஆலையிலிருந்து கிளம்ப ஆறு நாள் இருந்தபோது. ஏழாம் ஷெட் ஃபோர்மன் முனுசாமி உலை வாசல் கயிறுகளுக்குத் தனி நோட்டு வைத்திருந்தார். அவர் எல்லாவற்றையும் வாரத்தில்தான் எழுதுவார். "மாசம் கீசம்லாம் எனக்கு வாணாம் நைனா, வாரத்துல போடு" என்றார். மாதமாக மாற்றி எழுத எனக்கு நேரமில்லை. மெஷினில் இடமும் இல்லை. மூன்றாம் ஷெட்டின் கார்டுகளுக்கு நடுவில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அங்கே செருகினேன். குறிப்பு எழுதலாம் என்று நினைத்தேன். ரயிலுக்கு நேரமாயிற்று.

போன ஜூலையில் நீங்கள் கேட்டபோது, படித்த மாத்திரத்தில் நினைவு வந்தது. உங்கள் கடிதம் அடித்த அடியில் எனக்கு ரோஷம். மூன்று ஷெட் என்று மார்தட்டி எழுதிவிட்டு, நாலாவதும் என்னுடையதுதான் என்று எப்படி எழுதுவது? வாரக் கணக்கு என்பதும் தெரியும். எடை என்று எழுதினேன். அது மறதியில்லை. பொய்.

இதற்குமேல் என்னிடமிருந்து எதுவும் கேட்காதீர்கள். ஜூனில் இங்கே புதிய கம்ப்யூட்டர் பிரிவு தொடங்குகிறார்கள். அதற்கு என்னைத் தலைவராகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு குழந்தைகள். ஒருவன் கால் போனது என் கார்டால் என்று ஊரெல்லாம் தெரிந்தால் என்னிடம் யார் எதை நம்பிக் கொடுப்பார்கள்? ஐந்து வாரம் கொடுத்தவர்கள் யாரும் கூண்டில் நிற்கவில்லை. உங்களுக்கு மூன்று வாரம் மறுத்தவர் நிற்கவில்லை. ஃபோர்மன் நிற்கவில்லை. நான் மட்டும் ஏன் நிற்க வேண்டும்? இந்த அநியாயத்துக்கு எனக்குப் பதில் சொல்லுங்கள்.

1969 டிசம்பரில் கடைசியாக அடித்த முழு அச்சுத்தாள் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இங்கே இன்டர்வியூவில் காட்டக் கொண்டுவந்தேன். நேற்று எடுத்துப் பார்த்தேன். முப்பத்தொன்பது அங்கே இருக்கிறது.

ராஜமாணிக்கம்


பொன்னேரி
8 மார்ச் 1974

ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

அநியாயத்துக்குப் பதில் கேட்டீர்கள். தருகிறேன்.

நீங்கள் மட்டும் நிற்கவில்லை. நான் நிற்கிறேன். திங்கட்கிழமை செங்கல்வராயன் சாரிடம் போய், லிஸ்ட் தப்பு, 118 அதில் வந்திருக்க வேண்டும், வராததற்கு நான் பார்க்காமல் விட்ட ஒரு கார்டு காரணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஆதிகேசவன் என்ன சொன்னார் தெரியுமா? அந்தக் கார்டை நானே போன வாரம் துளைத்துச் செருகியிருக்கலாமாம். கார்டுதானே, யார் வேண்டுமானாலும் மாற்றலாமே! கலாசிமேல் இரக்கப்பட்டு, அவரைக் காப்பாற்ற நான் நாடகம் ஆடுகிறேனாம்.

"இந்தக் கார்டு பழசுன்றதுக்கு உங்கிட்ட ருஜு இன்னா இருக்குது?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார். ருஜு பம்பாயில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

மூன்று வாரம் மறுத்ததைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகலை அவரிடம் நீட்டினேன். "இது வேற விஷயம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வேறு விஷயமாம்! ஒரே விஷயம், ஐயா, முதலிலிருந்து கடைசிவரை ஒரே விஷயம். பன்னிரண்டு இடத்தில் எழுதிவைத்தால் பன்னிரண்டையும் யாராலும் பார்க்க முடியாது. உங்களாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. பார்க்க முடியாததற்கு அடியில் போய் நின்றவர் நாகமுத்து.

விசாரணையை மே பதினாலாம் தேதிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள், அவர் எழுந்து உட்காரட்டும் என்று. போன ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். கால் இல்லாத இடத்தில் அரிக்கிறது என்கிறார். "படகுல நிக்கறதுக்கும் ரெண்டு காலு வோணும்மா. அங்கயும் போவ முடியாது. கம்பெனியும் தொரத்திடுச்சுன்னா நா எங்க போறது?" என்று கேட்டார்.

உங்களுக்கு ஒரு பிரிவு தருகிறார்கள். வாழ்த்துகள். அதில் உங்களுக்குக் கீழே எழுதப்போகிற பிள்ளைகளிடம் என்ன சொல்லிக்கொடுப்பீர்கள்? 

அச்சுத்தாளை அனுப்புங்கள். இல்லாவிட்டால் இனி எனக்கு எழுத வேண்டாம்.

ரத்னா


செம்பூர், பம்பாய்
6 மே 1974

ரத்னா அவர்களுக்கு,

இரண்டு மாதம் நான் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று நீங்கள் சொன்னது ஒரு சாக்கு. பயம்தான் காரணம். ஒவ்வொரு நாளும் அந்த அச்சுத்தாளை உறையில் போட்டு, மறுபடி வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

முத்தம்மாளிடம் போன வாரம்தான் சொன்னேன். "அந்தாளு பொண்டாட்டி பேரு இன்னா?" என்று கேட்டாள். அஞ்சம்மாள் என்றேன். மறுநாள் என் சட்டைகளை எடுத்துப் பயணப் பையில் மடித்து வைத்திருந்தாள்.

இன்று என் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணைக்குப் போவதானால் போங்கள், ஆனால் பிரிவு வேறு ஒருவருக்குப் போகும் என்றார். சரி என்றேன்.

எட்டாம் தேதியிலிருந்து வேலைநிறுத்தம், நாடு முழுக்க ரயில் ஓடாது என்கிறார்கள். தபாலும் தேங்கிவிடும். இந்தக் கடிதமே உங்களுக்கு எப்போது வருமோ. எனவே அச்சுத்தாளைத் தபாலில் அனுப்பப் போவதில்லை. எங்கள் தெருவில் ஒருவருடைய லாரி பூனா, ஹூப்ளி, பெங்களூர் வழியாகச் சென்னைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகிறது. டிரைவர் பக்கத்தில் இடம் இருக்கிறதாம்.

பதினாலாம் தேதி காலை வந்துவிடுவேன்.

ராஜமாணிக்கம்


பொன்னேரி
23 ஜூன் 1974

ராஜமாணிக்கம் அவர்களுக்கு,

உங்கள் மே ஆறாம் தேதிக் கடிதம் ஜூன் மூன்றாம் தேதி வந்து சேர்ந்தது. நீங்கள் வந்து, பேசி, திரும்பிப் போய் இரண்டு வாரத்துக்கும்மேல் கழித்து.

எனவே விசாரணையன்று நீங்கள் வருவது எனக்குத் தெரியாது. நாகமுத்துவை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆதிகேசவன் மறுபடியும் அதே ருஜுவைக் கேட்டார். அப்போது கதவைத் திறந்துகொண்டு தலையெல்லாம் செம்மண்ணோடு ஒரு ஆள் வந்தார். லாரி டிரைவர் வழி மாறி வந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். மேஜைமேல் அந்த மஞ்சளேறிப்போன அச்சுத்தாளை விரித்து, "இது என் கார்டு. 1969-ல் எழுதினேன். இந்த அம்மா என்னைக் கேட்டார்கள், நான் பொய் சொன்னேன்" என்றீர்கள். அப்போதுதான் நீங்கள் யாரென்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பத்து மாதமும் உங்களை நான் உயரமானவர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று உங்களிடம் நன்றி சொல்லவில்லை. கோபம் இன்னும் தீர்ந்திருக்கவில்லை. பாதி இன்றும் இருக்கிறது. நாகமுத்துவிடம் நீங்கள் தனியாகப் பேசினீர்களே, அவர் என்ன சொன்னார் என்று நான் அவரைக் கேட்கவில்லை. உங்களையும் கேட்கமாட்டேன்.

நீங்கள் போன பின்பு நடந்ததை எழுதுகிறேன். மே இருபத்துநாலாம் தேதி முடிவு வந்தது. நாகமுத்துமேல் குற்றம் இல்லை. கயிற்று ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். விபத்துக்குக் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதினார்கள் தெரியுமா? 'இயந்திரக் கோளாறு.' படித்ததும் ரத்தம் கொதித்தது. எந்த இயந்திரம்? பாவம், அந்த மெஷின் நாம் சொன்னதை ஒரு எழுத்து பிசகாமல் செய்தது. மனிதர்கள் அவசரப்பட்டதையும், மறுத்ததையும், பொய் சொன்னதையும், புரியாமல் விட்டதையும் வாரிச் சுருட்டி அதன்மேல் போட்டுவிட்டு எல்லாரும் கை கழுவிக்கொண்டார்கள். 'இயந்திரக் கோளாறு இல்லை' என்று ஒரு பக்கம் எழுதிச் செங்கல்வராயன் சாரிடம் நேரிலேயே கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். "சரிம்மா, உனக்கு இப்போ இன்னா வோணும்?" என்றார்.

"மூணு வாரம் சார்."

ஆதிகேசவன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சார் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

முதலில் ஒரு கார்டும் எழுதவில்லை. பதினோரு ஷெட்டுக்கும் நடந்தேன். கயிற்றுக்கு வயசு எந்த நாளிலிருந்து எண்ணுவீர்கள் என்று ஒவ்வொரு ஷெட்டிலும் கேட்டேன். உங்கள் முனுசாமி உட்பட எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "கொக்கில ஏறின நாள்தாம்மா. வேற எந்த நாளு?" அவர்களிடத்தில் ஒரு விதிதான் எப்போதும் இருந்திருக்கிறது. நம் கார்டுகளில்தான் பல.

அந்த ஒன்றை ஒரே இடத்தில் எழுதினேன். எந்த ஷெட்டானாலும் அங்கே வந்துதான் கேட்க வேண்டும். நடுவில் எங்கேயும் குதிப்பது கிடையாது. கே4 கிடையாது, வாரம் என்றால் வாரம் என்றே பெயர். குறிப்பும் எழுதியிருக்கிறேன், கோவிந்தம்மா படித்துப் பார்த்துப் புரிகிறது என்று சொல்லும்வரை மாற்றி மாற்றி. ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கார்டு இருந்தது, இப்போது இருநூற்றுத் தொண்ணூறு. பதினெட்டு நாள் ஆயிற்று.

பழையதையும் புதியதையும் ஒரே கயிறுகளுக்கு ஓட்டி, இரண்டு லிஸ்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு கயிறு. பழைய லிஸ்ட் நல்லது என்று விட்டுவைத்து, புதிய லிஸ்ட் கழி என்று சொன்னவை முப்பத்தொன்று. ஷெட் மாறினதால் புதிதாகப் பிறந்தவையே பத்தொன்பது. ஒன்றொன்றாக எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போய்க் கயிற்றையே பார்த்தோம். சிலவற்றில் உள்இழை துருப்பிடித்து, கையால் திருகினாலே பிரிந்தது.

நேற்று சனிக்கிழமை காலை, முப்பத்தொன்றையும் கலாசிகள் இழுத்துக்கொண்டு வந்து ஆபீஸ் வாசலில் போட்டார்கள். அங்கே போடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர்களாகவே போட்டார்கள். மறுபடி யாரும் எடுத்து மாட்டாதபடி கேஸ் கட்டரால் துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தார்கள். ஆதிகேசவன் ஜன்னலைத் திறந்து, "இன்னாயா இது, இங்கயா போடுவீங்க?" என்று கத்தினார். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

நாகமுத்து ஸ்டோரிலிருந்து கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தார். குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்து, ஒவ்வொரு பித்தளை வில்லையாகக் குனிந்து எண்ணைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத்தினியும் எங்க தலைக்கு மேல தொங்கிக்கினு இருந்துச்சாம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். கட்டர் வைத்திருந்தவர் புரிந்துகொண்டு அதை அவரிடம் கொடுத்தார். மிச்சமிருந்தவற்றையெல்லாம் நாகமுத்துவே வெட்டினார். சாப்பாட்டு மணி அடித்தது. அவர் எழுந்திருக்கவில்லை. நாங்களும் போகவில்லை.

ரத்னா